தேத்தண்ணிக்கு எரித்த எட்டுத் தடிகள்

1. கடல் தெரியாத கிளாக்

என்னைத் தேசியப் பூங்காவின் கந்தோருக்கு, அலுவலகக் கிளாக்காக, இடம் மாற்றியபோது எனக்கு நீந்தத் தெரியாது. இன்றும் தெரியாது. நான் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். கடல் என்றால் எங்களுக்கு மீன் வருகிற திசை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட என்னைத்தான் மன்னார்த் தீவின் தெற்குக் கரைக்கு அனுப்பினார்கள். மேலிடத்தில் இருக்கிறவர்கள் இடமாற்றப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள் என்று அன்றைக்கே விளங்கியது.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. வன்னி முகாம்களிலிருந்து ஒரு பகுதி, இந்தியாவிலிருந்து ஒரு பகுதி என்று வந்து, கூரை இல்லாத வீடுகளுக்குத் தறப்பாள் கட்டிக் குடியிருந்தார்கள். எங்கள் கந்தோரும் அதைவிடப் பெரிய சிறப்பில்லை. இரண்டு அறை, மூன்று கதிரை, ஒரு அலுமாரி. ஆட்கள் என்று பார்த்தால் ரேஞ்சர் சேர், இரண்டு காவலர், ஒரு டிரைவர், நான். கரையில் ஒரு நீளத் துண்டும், அதற்கு எதிரே கடலுக்குள் கிடக்கிற மணல் தீடைகளும் எங்கள் பொறுப்பு. இவ்வளவையும் பார்க்க ஐந்து பேர் எந்த மூலைக்குக் காணும்? தொண்டர்களைச் சேருங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கிளாக் வேலையோடு சேர்த்து அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

நான் நினைத்ததைவிட ஆட்கள் வந்தார்கள். அதை இப்போது நினைத்தாலும் சந்தோஷம்தான். அவ்வளவு இழப்புக்குப் பிறகும் பறவை எண்ணுவதற்கென்று காலையில் எழுந்து வருகிற சனம் இருந்தது. பக்கத்துத் தாராபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நசீர் மாஸ்டர், சைக்கிளில் வருவார். மாதம் இரண்டு முறை கரையோரம் நடந்து பறவைகளை எண்ணிக் கொப்பியில் எழுதுவார். கத்தோலிக்கக் கோயில் இளைஞர் மன்றப் பிள்ளைகள் ஆலாப் பறவைகள் முட்டையிடுகிற காலத்தில் காவலர்களோடு தீடைக்குப் போய் நாய்களையும் முட்டை பொறுக்குகிறவர்களையும் தள்ளி வைப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்டல் கன்று நட்டார்கள். கொழும்பில் கொம்பியூட்டர் வேலை செய்கிற சிலர், வருஷத்தில் ஒரு தடவை கரை துப்புரவாக்க வருகிறோம் என்று கடிதம் போட்டார்கள்.

அந்தத் துப்புரவு நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

2. அந்தச் சனிக்கிழமை

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்த கையோடு தெற்குக் கரையைப் பார்க்க ஏலாது. ஆறுமாதக் காற்று கொண்டுவந்து தள்ளின போத்தல், கயிறு, வலைத்துண்டு, ஒற்றைச் செருப்பு எல்லாம் கரை முழுக்கக் கிடக்கும். வலைக்காலம் தொடங்க இரண்டு கிழமை இருந்தது. தொழில் செய்கிற சனத்துக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று மிகவும் யோசித்து ஒரு சனிக்கிழமையைப் பிடித்தேன். அன்றைக்கு அந்த ஊர்ச் சனம் முழுவதும் பக்கத்து ஊர்க் கோயில் திருநாளுக்குப் போயிருக்கும். கரையில் ஒரு குருவியும் இராது. எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்.

கொழும்பு ஆட்கள் ஒரு பஸ் நிறையத் தொப்பியோடு வந்து இறங்கினார்கள். நகரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வகுப்பு வந்தது. மிதிவெடி அகற்றியாயிற்று என்ற பலகைக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் நடக்கலாம் என்று முதலில் சொன்னேன். பிறகு விசிலை எடுத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னேன். அது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

"மணலையும் சிப்பியையும் தவிர ஒண்டும் மிஞ்சக்கூடாது, பிள்ளையள்!"

பிள்ளைகள் சொன்னதைச் செய்தார்கள். பத்து மணிக்குள் உரப்பைகள் நிரம்பத் தொடங்கின. மணலில் ஊன்றியபடி சில தடிகள் நின்றன. ஒன்றில் கறுப்பு ரப்பர்ச் செருப்பு ஆணியடித்துத் தொங்கியது. ஒன்றில் கிழிந்த சிவப்புத் துணி. ஒன்றின் தலையில் நீலப் பிளாஸ்டிக் கான் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. குப்பையைக் காற்று தடியிலும் கொண்டுபோய்ச் செருகுமா என்று ஒரு பெடியன் கேட்டான். நான் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். செருப்பும் துணியும் உரப்பைக்குள் போயின. கான் வேறு குவியலுக்குப் போனது. தடிகள் நல்ல காய்ந்த பூவரசந் தடிகள். அவற்றை முறித்து மூன்று கல் வைத்து, அவ்வளவு பேருக்கும் தேத்தண்ணி வைத்தோம். விறகு என்ன அருமையாக எரிகிறது என்று நானே மெச்சினேன்.

பின்னேரம் கந்தோரில் இருந்து ரிப்போட் எழுதினேன். எனக்கு எழுத்து கொஞ்சம் வரும். அந்தத் திமிரில், எத்தனை பை, எத்தனை பேர் என்று எழுதியதோடு நிற்காமல் கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன்: "இக்கரையில் மனிதப் பாவனைக்கான அடையாளம் எதுவும் இப்போது இல்லை." அழகாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, கவரில் போட்டு அனுப்பினேன்.

3. திங்கட்கிழமை

திங்கள் காலை எட்டு மணிக்கு நான் அலுமாரியைத் திறக்க முதல் வாசலில் ஆட்கள் நின்றார்கள். இருபது பேருக்குக் குறையாது. முன்னுக்கு நின்றவர் யக்கோபு சம்மாட்டி. சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம்.

"என்ன மிஸ், எங்கட கரையைத் துடைச்சுப்போட்டியளாம்?"

"குப்பை பொறுக்கினனாங்கள், சம்மாட்டியார். உங்களுக்கும் நல்லதுதானே."

"குப்பையோ? எட்டுப் பாட்டுத் தடியையும் காணேல்ல. எங்க கொண்டே வச்சிருக்கிறியள்?"

பாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னபோது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னதை வைத்து விளங்கிக்கொண்டேன். கரைவலை என்பது படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. அதை நினைத்த இடத்தில் இழுக்க முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கரையில் ஒரு துண்டு உண்டு. அதுதான் பாடு. ஒவ்வொரு பாடும் தொடங்குகிற இடத்தில் அந்தந்தக் குடும்பத்தின் தடி நிற்கும். முன்பு பனைமரங்களை வைத்து எல்லை சொன்னார்கள். சண்டைக்குள் பங்கருக்குப் பனைகளைத் தறித்துவிட்டார்கள். திரும்பி வந்தபின் கோயில் மண்டபத்தில் மூன்று நாள் இருந்து, சத்தம் போட்டு, அழுது, ஒருவழியாகப் பிரித்து நட்ட தடிகள் அவை. கடதாசியில் ஒன்றும் கிடையாது. தடிதான் உறுதிப் பத்திரம்.

வயலுக்கு வரம்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு முழம் வரம்பை வெட்டினதற்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருந்த சொந்தக்காரர் எனக்கே இருக்கிறார்கள். கடற்கரைக்கும் வரம்பு இருக்கும் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை.

"தடியள் எங்க?" என்று யக்கோபு சம்மாட்டி மறுபடி கேட்டார்.

சொல்லித்தானே ஆகவேண்டும். "தேத்தண்ணிக்கு எரிச்சுப்போட்டம்" என்றேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் என்னைக் கலக்கியது.

"எனக்கு விளங்குது மிஸ். தடி இல்லையெண்டால் ஆக்களும் இல்லை. நாளைக்கு வந்து, இது வெறுங்கரை, பூங்காவுக்கு எடுக்கிறம் எண்டு கல்லு நடுவியள். அதுக்குத்தானே நாங்கள் இல்லாத நாளாப் பார்த்து வெளியூர்ச் சனத்தைக் கொண்டுவந்தனீங்கள்?"

"சத்தியமா இல்லை, சம்மாட்டியார்" என்றேன். சொல்லும்போதே என் ரிப்போட்டின் கடைசி வசனம் நினைவுக்கு வந்தது. பூங்காவின் எல்லைப் பிளான் அந்த நேரம் மேலிடத்தில் கீறிக்கொண்டிருந்தார்கள். என் அழகான வசனத்தை அங்கே யாராவது எடுத்துப் பிளானுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

எல்லோரும் போன பிறகும் ஒருவர் நின்றார். ஞானம்மா. நாற்பது வயது இருக்கும். புருஷன் கடைசிச் சண்டையில் காணாமற் போனவர். பொம்பிளைக்கு எதற்குப் பாடு, கூலிக்கு இழுக்கட்டும் என்று மண்டபத்தில் மூன்று நாளும் எதிர்த்துப் பேசியவர் யக்கோபு சம்மாட்டி. ஞானம்மா விட்டுக் கொடுக்கவில்லை. கடைசியில், கரையின் மேற்குக் கோடியில் எட்டாவது பாடு அவருக்குக் கிடைத்தது. பக்கத்துப் பாடு அதே யக்கோபு சம்மாட்டிக்கு.

"மிஸ், நீலக் கான் கிடைச்சால் தாங்கோ. அது என்ர" என்றார்.

"தடி போயிட்டுதே, கானை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

"இடம் எனக்குத் தெரியும். அளந்து வைச்ச மாதிரித் தெரியும். ஆனா நான் சொன்னால் ஆர் கேட்கிறது? கானையெண்டாலும் கையில வைச்சிருப்பம்."

மூன்று பிள்ளைகள், கடனுக்கு எடுத்த ஒரு வலை, இரண்டு கிழமையில் தொடங்குகிற காலம். அந்தத் துண்டு போனால் அவருக்கு வேறொன்றும் இல்லை. அன்றைக்கு நான் கந்தோரில் இருந்து அழுதேன். வெட்கத்துக்கு அழுதேன், பயத்துக்கும் அழுதேன்.

4. மாஸ்டரின் கொப்பி

அடுத்த நாள் நசீர் மாஸ்டர் பறவை எண்ணப் போய், அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்.

"என்ன மிஸ் இது, எண்ண ஏலாமக் கிடக்கு. எந்த இடத்தில நிக்கிறன் எண்டே தெரியுதில்ல."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒன்றரை வருஷக் கணக்கு. வெறும் மணற்கரையில் வேறு அடையாளம் இல்லாததால் மனிதர் எல்லாவற்றையும் தடிகளை வைத்துத்தான் எழுதியிருந்தார். "கறுப்புச் செருப்புத் தடிக்கும் நீலக் கான் தடிக்கும் இடையில், உள்ளான் குருவி அறுபது. நடை 140." ஒவ்வொரு பக்கத்திலும் அப்படி. எட்டுத் தடியும் ஒழுங்காக, ஒவ்வொன்றுக்கும் இடையில் அவருடைய நடைக்கணக்கோடு இருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கோயில் வளவில் சம்மாட்டிமார் எல்லோரும் கூடினார்கள். கொப்பியைத் தூக்கிக் காட்டி, அளந்து நட்டுவிடலாம் என்றேன்.

யக்கோபு சம்மாட்டி கொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாஸ்டர்ர காலும் என்ர காலும் ஒரே நீளமோ? உள்ளான் நிண்ட இடத்தை வைச்சோ நாங்கள் வலை வளைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் பழைய சண்டை தொடங்கியது. என்னுடைய பாடு அங்கே தொடங்கியது, இல்லை இங்கே தொடங்கியது என்று ஆளுக்கு ஆள் எழும்பினார்கள். மூன்று நாள் இருந்து கட்டினதை நான் ஒரு காலையில் அவிழ்த்துவிட்டேன். இரண்டு பேர் சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் பின்னுக்கு இருந்த ஞானம்மா எழும்பினார்.

"ஆரும் தன்ர தடியை நடவேண்டாம். பக்கத்துப் பாட்டுக்காரர் நடட்டும். எட்டுப் பாடு, நாலு சோடி. நான் சம்மாட்டியாற்ற தடியை நடுறன். அவர் என்ர தடியை நடட்டும்."

கூட்டம் அமர்ந்தது. எனக்கு அவருடைய கையைப் பிடித்து இருத்திவிடவேண்டும் போல இருந்தது. அவருக்குப் பாடே கொடுக்கக்கூடாது என்று நின்றவர் கையில் அவரே தன்னுடைய எல்லையைக் கொடுக்கிறார். மற்றவர்களுக்கு அது சரியாகப் பட்டது. நான் அவனுடையதைத் தள்ளி நட்டால் அவன் என்னுடையதைத் தள்ளி நடுவான் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். அதோடு ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும். யக்கோபு சம்மாட்டி மீசையைத் தடவிக்கொண்டு, "ஓம், பாப்பம்" என்றார்.

5. நாலு அடி

புதன்கிழமை பின்னேரம் கரைக்குப் போனோம். புதுத் தடிகள் எட்டையும் நான்தான் கொண்டுபோனேன். எங்கள் டிரைவர் தன் வீட்டுப் பூவரசில் வெட்டித் தந்தவை. செருப்பு, துணி, கான் எல்லாம் குப்பைக் குவியலில் தேடி எடுத்துக் கழுவி வைத்திருந்தேன். கழுவவேண்டிய தேவையில்லை, இருந்தாலும் கழுவினேன்.

முதல் மூன்று சோடியும் கொஞ்சம் முணுமுணுப்போடு முடிந்தது. பிறகு ஞானம்மா சம்மாட்டியின் கறுப்புச் செருப்புத் தடியை எடுத்துக்கொண்டு நேரே நடந்தார். இரண்டு தரம் கடலைப் பார்த்தார், ஒரு தரம் கோயில் உச்சிக் குருசைக் குறிவைத்துப் பார்த்தார், ஊன்றினார். யக்கோபு சம்மாட்டி வந்து நின்று அதே போலக் கடலையும் குருசையும் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அவருடைய முறை வந்தது. நீலக் கான் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தார். அந்தத் தடியில் அவருடைய பாடு முடிந்து ஞானம்மாவுடையது தொடங்கும். அவர் கூட வைக்கிற ஒவ்வொரு அடியும் அவருக்கு லாபம், ஞானம்மாவுக்கு நட்டம். எனக்குப் பக்கத்தில் மாஸ்டர் வாய்க்குள் எண்ணினார். சம்மாட்டி நின்றார். திரும்பிப் பார்த்தார். தடியை ஊன்றினார்.

கிட்டப் போனோம். ஞானம்மா கடலைப் பார்த்தார், குருசைப் பார்த்தார்.

"இன்னும் நாலு அடி அங்கால, அண்ணை. இது உங்கட துண்டு" என்றார்.

"கிடக்கட்டும்."

"கிடக்க வேண்டாம். சரியா நடுங்கோ."

"நாலடிதானே, பிள்ளை. நானே சொல்லுறன், கிடக்கட்டும் எண்டு."

"பிறகு அது நீங்கள் தந்தது எண்டு ஆகிப்போகும். எனக்குத் தந்தது வேண்டாம். என்ர எது, அது காணும்."

யக்கோபு சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டினார். பிறகு தடியைப் பிடுங்கி, நாலு அடி தள்ளி, முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் மணலைக் கிண்டி ஆழமாக நட்டார். கானை வாங்கித் தானே கவிழ்த்தார். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ தீர்மானங்களுக்கு மினிட்ஸ் எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் கண்டது போல ஒன்றை எழுதினதில்லை.

6. இரண்டாவது ரிப்போட்

இனி என் பக்கம். தடி நட்டாயிற்று, ஆனால் என் வசனம் பைலில் இருந்தது. திருத்தி இன்னொரு ரிப்போட் எழுதினேன். அகற்றியது குப்பையல்ல, தொழில் செய்கிற எட்டுக் குடும்பங்களின் எல்லைத் தடிகள், பிழை என்னுடையது என்று எழுதினேன். எங்கள் சொந்தப் பறவைக் கணக்கிலேயே ஒன்றரை வருஷமாக அந்தத் தடிகள் பதிந்திருக்கின்றன என்று மாஸ்டரின் கொப்பியைப் போட்டோக் கொப்பி எடுத்து இணைத்தேன்.

ரேஞ்சர் சேர் நல்ல மனிதர், பயந்த மனிதர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்குப் பென்சனுக்கு எத்தனை வருஷம் இருக்கு?"

"நாலு, சேர்."

"பேசாமல் இருந்தால் ஒருத்தரும் கேட்கப்போறதில்லை. இதை அனுப்பினால் விளக்கம் கேட்பினம்."

"கேட்கட்டும், சேர். அந்த வசனத்தை நான்தானே எழுதினது."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு பேனையை எடுத்தார். அடியில் "நேரில் பார்வையிட்டேன், சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நேரில் பார்த்திருக்கவில்லை. அதனால் அன்று பின்னேரமே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். ஒரு வருஷச் சம்பள உயர்வு தள்ளிப் போனது. வீட்டில் ஏச்சும் விழுந்தது. ஆனால் பிளான் கீற வந்த ஆட்கள் கந்தோரில் இருந்து கீறாமல், எட்டுச் சம்மாட்டிமாரோடும் கரையில் நடந்தார்கள். பிளானில் எட்டுப் பாடும் ஏறியது. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது என்று எழுதமாட்டேன். தீடையில் தங்கி மீன்பிடிக்க வாடி போடுவது பற்றி இன்னும் இழுபறிதான். ஆனால் இப்போது சண்டை பிடிக்கிறவர்கள் ஒரே மேசையில் இருந்து பிடிக்கிறார்கள்.

7. தொண்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு

பூங்காவுக்கு எப்படி உதவலாம் என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். எண்ணலாம், நடலாம், காவல் நிற்கலாம், குப்பை பொறுக்கலாம். எல்லாம் நல்ல வேலை, வாருங்கள். கையுறை கொண்டுவாருங்கள், தொப்பி கொண்டுவாருங்கள். ஒன்றைப் பிடுங்க முதல் அது யாருடையது என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். நான் முப்பது வருஷ வேலையில் படித்த பாடம் இவ்வளவுதான், அதையும் விறகை எரித்துத்தான் படித்தேன்.

அடுத்த வருஷத் துப்புரவுக்கு ஊர்ச் சனமும் வந்தது. யக்கோபு சம்மாட்டி கொழும்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்து, இதை எடு, அதைத் தொடாதே என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார். அவருக்கு விசில் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் வருகிறார்கள்.

நான் பென்சன் எடுத்த வருஷம் நானும் ஒரு தொண்டராகப் போனேன். கரைக்கு இறங்குகிற இடத்தில் மேசை போட்டுப் பதிவேடு வைத்திருந்தார்கள். நானே கோடு போட்டுப் பழக்கிய பதிவேடு: பெயர், எங்கிருந்து வந்தவர், கையெழுத்து. எனக்கு முன்னால் ஞானம்மா நின்றார். பெயரை எழுதிவிட்டு, இரண்டாவது கட்டத்தில் பேனை நின்றது.

"ஊர்ப் பேரை எழுதுங்கோ, ஞானம்மா" என்றேன்.

"எங்கயிருந்து வந்தனீங்கள் எண்டெல்லோ கேட்டுக்கிடக்கு. நான் இஞ்ச நிக்கிறனான், மிஸ். எங்கயிருந்தும் வரேல்ல." அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கையெழுத்தைப் போட்டார். பேனையை என் பக்கம் நீட்டினார். "வந்தது நீங்கள். நீங்கள் எழுதுங்கோ."

எழுதினேன்.